திறந்த கதவு

எங்கள் கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வானின் மாளிகைக் கதவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பகல் முழுதும் அது பசித்தோருக்காகத் திறந்திருக்குமாம். இரவில் அதைச் சாத்தும் ஓசை காஞ்சிக் கோயில்வரை கேட்குமாம். நம் நாட்டு வானத்தின் கதவை எண்ணும்போதெல்லாம் அந்தக் கதவும் என் நினைவுக்கு வருகிறது.

1953-இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாயின. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உள்நாட்டு வானம் அரசுக்கே உரியதாய் இருந்தது. பட்டுத்தறியில் அமர்ந்திருந்த என் தந்தைக்கு விமானம் என்பது தலைக்குமேல் போகும் ஓசை மட்டுமே. 1991-இல் அன்னை இறந்தபோது, பம்பாயில் வேலைபார்த்த தம்பி தந்தி கண்டு ரயிலேறினான். ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து வந்தவன் கண்டது புதுமண் மேட்டைத்தான்.

1994 மார்ச் முதல் நாள் பழைய சட்டம் நீங்கியது. தனியார் விமானங்கள் முறைப்படி உரிமை பெற்றன. ஈஸ்ட்-வெஸ்ட், மோடிலுஃப்ட், சென்னையின் என்.இ.பி.சி. முதலியவை சில ஆண்டுகளிலேயே சிறகொடிந்து வீழ்ந்தன. 2003-இல் ஏர் டெக்கான் வந்த பின்னரே எம்போன்றோர் கட்டணம் விசாரிக்கத் துணிந்தோம். 2007-இல் தந்தை நினைவிழந்தபோது தம்பி அன்று மாலையே வந்து சேர்ந்தான். அவன் கையைப் பற்றியபடியே தந்தையின் உயிர் பிரிந்தது. அந்தக் கொடைக்கு நான் என்றும் நன்றியுடையவன்.

ஆயினும் 2018-இல் தம்பியே நோயுற்றான். நள்ளிரவில் செய்தி கேட்டு விமான நிலையத்துக்கு விரைந்தேன். கேட்ட தொகை, நான் முன்பு கொடுத்ததைப்போல் நான்கு மடங்கு. இருக்கை அதேதான், தொலைவும் அதேதான், மாறியது என் தேவை மட்டுமே. மகளின் படிப்புக்கு வைத்திருந்ததை எடுத்துக் கட்டினேன். தம்பி பிழைத்தான். எனக்குப் பின்னால் நின்ற முதியவரோ தொகையைக் கேட்டதும் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார். அவர் எவரைக் காணப் புறப்பட்டார் என்று நான் கேட்கவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

நிறுவனங்களும் வாழவேண்டும், 2019-இல் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்ததைக் கண்டோம். ஆனால் பெருந்தொற்றின்போது, 2020 மே மாதம், அரசே கட்டணத்துக்குக் கீழெல்லையும் மேலெல்லையும் வகுத்தது. 2022 ஆகஸ்ட் 31-இல்தான் அவற்றை நீக்கியது. மனம் வைத்தால் எல்லை வகுக்க இயலும் என்பதற்கு அதுவே சான்று. சாவுக்கும் நோவுக்கும் ஓடுவோர்க்கெனச் சில இருக்கைகளையேனும் எளிய விலைக்கு ஒதுக்கலாகாதா?

கதவு திறந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் கூரத்துக் கதவு, வந்தவனின் பசியை அளந்து விலை கேட்டதில்லை.