மண்ணுக்குள் ஒரு கைமாற்று

எதிர்வீட்டு மாமியிடம் ஒரு டம்ளர் சர்க்கரை கைமாற்று வாங்காத வீடு உண்டா, சொல்லுங்கள்? இந்த விஷயத்தில் மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் நம்மையும் மிஞ்சிவிட்டன!

என் தம்பி ஊரில் மக்காச்சோளம் போடுகிறவன். "அக்கா, அட்ரஸின் தெளித்தால் முன்பெல்லாம் களை தலைகாட்டாது. இப்போது மருந்து மண்ணில் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று போன மாதம் புலம்பினான். கடைக்காரர் கலப்படம் செய்கிறார் என்று இருவருமாகத் திட்டித் தீர்த்தோம். பாவம், அவர்மேல் குற்றம் இல்லாமலும் இருக்கலாம்.

அட்ரஸின் 1950-களில் மனிதன் செய்த சரக்கு. ஆனால் அமெரிக்காவில், களைக்கொல்லி சிந்திக் கிடந்த மண்ணிலிருந்து, அதையே உண்டு வாழும் ஒரு பாக்டீரியாவைப் பிடித்து, 1995-ல் மினசோட்டா பல்கலைக் கழகத்தார் வெளியிட்டார்கள். மருந்தை உடைக்கும் அதன் என்ஸைம், மெலமினை உடைக்கும் வேறொரு என்ஸைமிலிருந்து 475 கண்ணிகளில் ஒன்பதே ஒன்பதில்தான் மாறுபடுகிறதாம்!

இந்த வித்தை எழுதியிருப்பது வளையம் போன்ற ஒரு டி.என்.ஏ. துண்டில். அதைப் பிரதி எடுத்துப் பக்கத்து உயிருக்கும் கொடுத்துவிடுகிறது, நாம் ரசப்பொடி அளவை எழுதிக் கொடுப்பதைப்போல. கிணற்றுத் தண்ணீருக்கு நல்லதுதான்; தம்பிக்குத்தான் சங்கடம்.

"அப்போ கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கணுமா, அக்கா?" என்றான்.

"முதலில் களைக்கொத்தை எடு" என்றேன்.