பதம் அறிதல்

திருகோணமலையில் உட்துறைமுக வீதியினின்று பிரியும் ஒழுங்கை ஒன்றில், உப்புக்காற்று அரித்த ஓட்டு வீட்டின் பின்தாழ்வாரத்தில், பரியாரியார் ஒருவர் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தார். நான்கு தலைமுறையாக அவ்வீட்டில் அடுப்பு மாறியதேயன்றி வேலை மாறியதில்லை. தாச்சியின் அடியிற் படியும் கற்கத்தை அகப்பை நுனியால் எடுத்து, ஆறவிட்டு, இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்ப்பார். சேறாக ஒட்டினால் இன்னும் நேரம் உண்டு. மெழுகாகத் திரண்டால் ஒருவகை நோய்க்கு ஆகும். மணலாக உதிர்ந்தால் மற்றொரு வகைக்கு ஆகும். அதற்கும் அப்பாற் சென்றால் எண்ணெய் கருகிவிடும். கோணேசபுரியில் உள்ள வளாகத்திலே சித்த மருத்துவம் பயிலும் மாணவி ஒருத்தி விடுமுறை நாள்களில் அவரிடம் வந்துபோவாள். எத்தனை பாகை வெப்பம், எத்தனை நிமிடம் என்று முதல்நாள் அவள் வினவியபோது அவர் தமது விரல்களையே நீட்டிக் காட்டினார். அது விடையாகாது என்று அவள் அன்று நினைத்தாள்.

மார்கழி மழை விடாது பெய்த ஒருநாள் அவர் முன்னே காகிதப் பொதி ஒன்று விரிந்து கிடந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுமையடைந்த ஒருவர், வயிற்றில் புற்றுடன், உறக்கமும் உணவும் இழந்து படுத்திருந்தார். அவருக்கென லேகியம் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. அதன் சரக்குகளுள் கஞ்சாவும் ஒன்று. உரிய விண்ணப்பமும் முத்திரையும் பெற்றுச் சட்டப்படி வந்த பொதி அது.

"ஐயா, இதிலே வாசமே இல்லையே" என்றாள் மாணவி.

பரியாரியார் சிறிது அள்ளி உள்ளங்கையிற் பரப்பினார். அவள் அறிய விரும்பியது சரக்கின் சுத்தி முறையை. அவர் சொல்லத் தொடங்கியதோ அச்செடி அறுக்கப்பட்ட நாளை. தண்டும் முதிர்ந்த இலையும் மிகுதி. பூங்கொத்து அருகியே கிடந்தது. விதைகள் பல. விதை உண்டெனின், தோட்டத்தில் ஆண்செடிகளை எவரும் பிடுங்கவில்லை என்பது பெறப்படும். அவ்விதைகளிலும் பாதி கபிலநிறம் ஏறாது வெளிறிக் கிடந்தன. ஆகவே அறுத்தவன் அவசரப்பட்டிருக்கிறான். பொலிசாருக்கு அஞ்சியோ, மழைக்கு அஞ்சியோ, காட்டு நடுவே காய்ந்த வயிற்றுக்கு அஞ்சியோ, யார் அறிவார்?

ஆண்செடியைப் பிடுங்குதல் சிறு காரியமன்று. பூ மலர்வதற்கு முன்னரே, கணுவிற் தோன்றும் அரும்பின் வடிவைக்கொண்டே இனம் பிரித்தல் வேண்டும். இன்று வங்காளதேசத்தில் உள்ள நவகாவ் பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தொழில் அனுமதி பெற்று நடந்த காலத்தே, இதற்கென்றே கூலி பெற்ற வல்லுநர் இருந்தனர். போத்தார் என்றும், கஞ்சா வைத்தியர் என்றும் அவரை அழைத்தனர். 1893ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு நியமித்த இந்திய சணற்போதைப்பொருள் ஆணைக்குழு, ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் சாட்சியம் பெற்று, மறு ஆண்டு அளித்த அறிக்கையில் இவ்வல்லுநரின் வேலை விரிவாகப் பதிவாகியுள்ளது. குடியானவன் உழுவான், நடுவான், நீர் இறைப்பான்; செடியின் பால் அறிய மட்டும் வேறொருவரை அழைப்பான். அளவோடு பயன்படுத்துவோர்க்குப் பெருந்தீங்கு விளைவதில்லை என்றும், முற்றத் தடைசெய்தல் தகாது என்றும் அவ்வாணைக்குழு கூறியது. அக்கருத்து நெடுநாள் நிலைக்கவில்லை. 1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் இந்திய சணலும் இடம்பெற்றது. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சுப்பொருள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச்சட்டம் வீட்டுக்கொல்லையில் இச்செடி நிற்பதையே குற்றமாக்கிற்று. சுதேச வைத்தியர்க்கு மருந்துத் தேவைக்காக ஒரு சிறு வாயில் திறந்துவிடப்பட்டது. அவ்வாயில் வழியே வந்ததுதான் தாழ்வாரத்திற் கிடந்த பொதி.

அஃது எங்கிருந்து வருகிறது என்பதும் மறைபொருளன்று. காட்டிலும் கடலிலும் கைப்பற்றப்பட்டவை வழக்கு முடிந்தபின் மருந்துக்கு வழங்கப்படுகின்றன. கைக்கு வருமுன் நான்கைந்து ஆண்டுகள் கழிந்து வீரியம் குன்றிவிடுகிறது என்று 2017இல் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்னவே கூறினார். அரசே நூறு ஏக்கரிற் பயிரிடும் திட்டம் ஒன்றையும் அப்போது பேசினார். உழவன் ஒரு கிழமை முந்தினானா பிந்தினானா என்று பார்க்கும் பொருளை நீதிமன்றக் களஞ்சியம் ஐந்தாண்டு வைத்திருந்தால், பதம் பார்த்தது யார்? வழக்கறிஞர் கேட்ட தவணைகள்தாம் போலும்.

மாணவி இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்றை எடுத்தாள். அவள் படித்தவள். இச்செடியின் முதன்மைச் சத்தாகிய ரீஎச்சியின் அமைப்பை 1964இல் மெசூலமும் காவோனியும் துணிந்ததை அவள் அறிவாள். அச்சத்து ஒளியாலும் வெப்பத்தாலும் காற்றினாலும் ஒட்சியேற்றமுற்று வலிகுன்றிய வேறொன்றாக மாறும் என்பதையும் அறிவாள். மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தார் அறை வெப்பத்திற் சேமித்து அளந்தபோது, நான்கு ஆண்டில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கே அழிந்திருந்தது.

"அப்படியானால் மிச்சம் ஐந்தில் மூன்று இருக்கும்தானே, ஐயா? அளவைக் கூட்டிப் போடலாமே."

"எதிலே ஐந்தில் மூன்று, பிள்ளை? முதலில் எவ்வளவு இருந்தது?"

அவள் வாய்மூடினாள். அவர் அப்போதுதான் குறிகளைச் சொன்னார். அவள் குறிப்பேட்டை எடுத்தாள். பூவின் குறிமயிர்கள் முதலில் வெண்மையாக நிமிர்ந்து நிற்கும். பின்பு செம்மண் நிறம் பெற்றுச் சுருளும். பூவடியிலைகள் பருக்கும். கீழிலைகள் மஞ்சளித்து உதிரும். ஆயினும் இதனை மட்டும் நம்பலாகாது, நீர் தேங்கினாலும் உரம் குன்றினாலும் இலை மஞ்சளிக்கும். விரலிற் பிசின் ஒட்டும். மணம் பச்சிலை நாற்றம் நீங்கிக் கனக்கும். மாணவி தான் நூலிற் கண்டதை அருகே குறித்தாள்: உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினால், சுரப்பிமயிரின் தலை நீர்த்துளி போற் தெளிந்திருப்பின் முற்றவில்லை; பால்போல் மங்கினால் முற்றியது; தேன்நிறம் மிகுந்தால் கடந்தது. பரியாரியார் அதனை ஆர்வத்தோடு கேட்டார். பாட்டனாரின் விரலும் இக்காலத்துக் கண்ணாடியும் ஒரே இடத்தைச் சுட்டியது அவருக்கு மகிழ்ச்சி தந்தது போலும்.

இவ்வூரின் இயல்பையும் அவர் கூட்டிச் சொன்னார். வடநாடுகளிற் பகல் விரைந்து குறுகுவதால் செடி பூக்கும் பருவம் தெளிவாகப் புலப்படும். எட்டரைப் பாகை அகலக்கோட்டில் உள்ள திருகோணமலையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரமே. எனவே இப்பகுதிச் செடிகள் மெல்லப் பூத்து மெல்ல முதிரும். அவை முதிர்வதற்குள் வாடைக்காற்று மழையைக் கொணர்ந்தால், செறிந்த பூங்கொத்தின் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பொறுத்தால் பூஞ்சணம், அறுத்தால் பிஞ்சு. எந்நாளில் அறுப்பது என்பதை நாட்காட்டி சொல்லாது.

"ஐயா பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை. பாட்டனார் அப்பாவுக்குச் சொன்னார். அப்பா எனக்குச் சொன்னார்."

அவள் உள்ளங்கையில் ஒரு முதிர்ந்த விதை தங்கியிருந்தது. இது முளைக்குமா என்று கேட்டாள். முளைத்தாலும் முளைக்கும் என்றவர், நெடுநேரம் அதனை நோக்கியிருந்தார். முற்றத்தில் ஆடாதோடைக்கும் நொச்சிக்கும் நடுவே ஒருமுழ நிலம் வெறிதாகவே கிடந்தது. எழுபது வயதுவரை காதில் மட்டும் சுமந்த அறிவை ஒருமுறை கண்ணாற் சரிபார்க்க அதுவே போதும். பின்னர் விதையை வாங்கிப் பொதியினுள்ளே இட்டு, நிறுத்து, பதிவேட்டில் எழுதிய நிறையோடு ஒத்துப் பார்த்தார்.

மாலையில் நோயாளியின் மகன் வந்தான். காரியம் நடவாதென்று கேட்டதும் குரலைத் தாழ்த்தி, "ஐயா சொன்னால் நல்ல சரக்காய் இரவைக்கே கொண்டுவாறன்" என்றான். கடல்வழி வந்து கைமாறும், இறுக்கி அழுத்திய கட்டிகளையே அவன் குறித்தான். பரியாரியார் சினக்கவில்லை. எங்கே விளைந்தது, எப்போது அறுத்தது, எதைத் தெளித்தது என்று அறியாத ஒன்றை உன் தகப்பனாரின் வயிற்றுக்குள் எப்படி அனுப்புவேன் என்று மட்டுமே கேட்டார். சட்டத்தை அவர் குறிப்பிடவேயில்லை. தந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லி, அங்கு வலிக்கு மோபீன் தருவார்கள் என்று கூறினார். மகன் முகம் கறுத்தது. நான்கு தலைமுறைப் பரியாரி வீடு ஆஸ்பத்திரிக்கு ஆளனுப்புவது அவனுக்குப் புதிது. அவருக்கும் அஃது எளிதாக இருந்திராது.

பெயரளவில் லேகியம் செய்து கொடுத்திருக்கலாமே, நம்பிக்கையாவது மிஞ்சியிருக்குமே என்று மாணவி பின்னர்க் கேட்டாள். அவர் தாச்சியைக் கிளறியபடி இருந்தார். முதியவர் மாசியில் இறந்தார். இறுதி மூன்று கிழமையும் உறங்கினார் என்று மகனே வந்து சொல்லிப்போனான்.

அவளுடைய குறிப்பேட்டில் அப்பக்கம் இன்றும் உள்ளது. எண்ணெய்ப் பதங்கள் எழுதிய பக்கத்தின் ஓரத்தில், விரலிற் பார்த்தது என்று நாளிட்டுக் குறித்திருக்கிறாள். செடியின் குறிகள் எழுதிய பக்கத்தின் கீழ், கேட்டது என்று மட்டும் எழுதி, நாளிடாமல் விட்டிருக்கிறாள்.