அந்தப் பொலிஸ்காரனை எங்கே மாற்றினார்கள்?

"ஏன் பிள்ளை, அந்தப் பொலிஸ்காரனை எங்கை மாத்தினவை?"

கரவெட்டியிலிருந்து தொலைபேசியில் சித்தப்பா கேட்டார். 2021 ஏப்ரல் 9ஆம் திகதி நோர்வேயின் பிரதமர் ஏர்னா சூல்பேர்க்குக்குப் பொலிஸ் 20,000 குரோணர் தண்டம் விதித்திருந்தது. கொரோனா விதிகளை மீறித் தன் அறுபதாவது பிறந்தநாளைக் குடும்பத்தோடு கொண்டாடினார் என்பது குற்றம். செய்தியைச் சொன்னது நான்தான். தண்டத் தொகையைப் பற்றியோ பிறந்தநாளைப் பற்றியோ சித்தப்பா ஒன்றும் கேட்கவில்லை. தபால் கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்தவர். மேலிடத்தில் கைவைத்த உத்தியோகத்தருக்கு அடுத்த கிழமை என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் கண்டவர்.

"மாத்தேல்லைச் சித்தப்பா, இருக்கிறார்."

"பொறுத்துப் பார்" என்றார்.

நான் ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், குரூருட் பள்ளத்தாக்கில் இருக்கிறேன். முதியோர் இல்லமொன்றில் வேலை. 2020 மார்ச் 12, வியாழக்கிழமை, பாடசாலைகளையும் பாலர் பள்ளிகளையும் பூட்டுவதாக அரசாங்கம் அறிவித்தபோது வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். சமாதான காலத்தில் இந்த நாடு கண்ட மிகக் கடுமையான கட்டுப்பாடுகள் அவை. அவற்றை விளக்க ஏர்னா எடுத்த சொல் 'டுக்னாட்'. (இங்கே பிரதமரையும் முதற்பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள்.)

அந்தச் சொல்லை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் அடுக்குமாடியின் முற்றத்தில், கையில் குப்பைவாரியோடு நின்று பழகினேன். பனி உருகியதும் ஒரு பின்னேரம் எல்லா வீட்டாரும் இறங்கி வருவார்கள். சருகு கூட்டி, படிக்கட்டு கழுவி, முடிவில் கோப்பி குடித்து, சொசேஜ் சுட்டுத் தின்போம். வராதவரை யாரும் ஏசுவதில்லை. ஆனால் யார் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர்ச் சிரமதானமேதான். ஒரு பிரதமர் 54 லட்சம் பேரைச் சிரமதானத்துக்குக் கூப்பிட்டபோது நான் உருகித்தான் போனேன். ஊரடங்கு என்ற சொல்லை ஒலிபெருக்கியிலும் ஜீப் வண்டியிலும் கேட்டு வளர்ந்தவளுக்கு அது வேறு உலகத்துக் குரல். ஆனால் சிரமதானத்துக்கு ஊரைக் கூப்பிட்டவர் மண்வெட்டியோடு முதல் ஆளாக நிற்கவேண்டும் என்பதும் எங்கள் ஊர் வழக்கம்தான்.

நான்கு நாள் கழித்து, மார்ச் 16ஆம் திகதி, ஏர்னா பிள்ளைகளுக்கென்று ஒரு செய்தியாளர் சந்திப்பு வைத்தார். வளர்ந்தவர்களின் கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. பயப்படுவதில் பிழையில்லை என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். பிறந்தநாள் கொண்டாடலாமா என்று ஒரு குழந்தை கேட்டிருந்தது. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கேள்வி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்; அவளுடைய பிறந்தநாள் ஏப்ரலில். அவள் அந்த வருடம் யாரையும் அழைக்கவில்லை. நாங்கள் வற்புறுத்தவும் தேவையிருக்கவில்லை. ஏர்னா சொன்னது அவளுக்குப் போதுமாயிருந்தது.

அதே நாட்களில் இன்னொன்று நடந்தது. அதைப் பலரும் கவனிக்கவில்லை. என்னைப் போன்றவர்களால் கவனிக்காமல் இருக்க முடியாது. நாடாளுமன்றத்தைச் சுற்றிப் போய் விதிகளை உண்டாக்கும் அதிகாரத்தை அரசாங்கம் ஆறு மாதத்துக்குக் கேட்டது. சட்ட அறிஞர்கள் எதிர்த்து எழுதினார்கள். நாடாளுமன்றம் ஆறு மாதத்தை ஒரு மாதமாக வெட்டியது. உறுப்பினரில் மூன்றிலொரு பங்கினர் மறுத்தாலே விதி விழுந்துவிடும் என்றும் எழுதிச் சேர்த்தது. பிறகு ஒரு மாதம் நீட்டினார்கள். மே மாதக் கடைசியில் அந்தச் சட்டம் காலாவதியானது. இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் மூன்று வருடத்துக்கென்று வந்தது. 1982இல் நிரந்தரமானது. என் வகுப்பில் படித்த பெடியன்களைக் கொண்டுபோனது அந்தத் தற்காலிகச் சட்டம்தான். 2020இல் அங்கே மார்ச் 2ஆம் திகதி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. தேர்தல் தள்ளிப்போய் ஓகஸ்ட் 5ஆம் திகதிதான் நடந்தது. தொற்றுக்காலத்தின் முதல் மாதங்களில் கேள்வி கேட்க ஒரு சபையே கூடவில்லை. இங்கோ ஆளும் கட்சிக்காரரும் சேர்ந்து உட்கார்ந்து, தங்கள் அரசாங்கம் கேட்ட அதிகாரத்தைக் கத்தரித்தார்கள். அன்றைக்கு நான் ஏர்னாவைவிட அந்தச் சபையைத்தான் அதிகம் மதித்தேன்.

அந்த மே மாதத்திலேயே தொலைக்காட்சியில், பல முடிவுகளைத் தான் பயத்தினால் எடுத்திருக்கலாம், பாடசாலைகளைப் பூட்டியிருக்கத் தேவையில்லாமலும் இருந்திருக்கலாம் என்று ஏர்னா ஒப்புக்கொண்டார். பிள்ளைகளிடம் பயப்படலாம் என்று சொன்னவர் தன் பயத்தையும் மறைக்கவில்லை.

2021 ஜனவரியில் என் பெரியம்மா ஒஸ்லோவில் காலமானார். என்னைத் தூக்கி வளர்த்தவர். இறுதிச் சடங்குக்கு அனுமதித்த எண்ணிக்கைக்குள் யார் யார் போவது என்று ஒரு தாளில் பெயர்களை எழுதி வெட்டிக்கொண்டு வந்தோம். என் பெயரை நானே வெட்டினேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். கூட்டத்துக்குள் போய் எதையாவது கொண்டுவந்து அந்தக் கிழவிகளுக்குக் கொடுத்துவிட்டால்? தேவாரம் பாடியதைக் கைபேசித் திரையில் கேட்டேன். வாய்க்கரிசி போடவில்லை. அது இன்றைக்கும் நெஞ்சில் கிடக்கிறது.

பெப்ரவரி 25, 26ஆம் திகதிகளில் யெய்லோ என்ற மலையூரில் பிரதமரின் குடும்பம் கூடியது. பத்துப் பேர்தான் எல்லை. முதல் நாள் உணவகத்தில் 13 பேர். கண் பிரச்சினையால் ஆஸ்பத்திரிக்குப் போன ஏர்னா அந்த மேசையில் இல்லை. மறுநாள் தங்கிய வீட்டில் அவரோடு சேர்த்து 14 பேர் சூஷி சாப்பிட்டார்கள். மார்ச்சில் தேசிய ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கே இதை வெளியிட்டது. எனக்கு வந்த கோபத்தை நான் இங்கே குறைத்து எழுத விரும்பவில்லை. மூன்று பேர் கூட, நான்கு பேர் கூட என்று சிலர் சொன்னார்கள். பெரியம்மாவின் தாளில் வெட்டுப்பட்ட ஒவ்வொரு பெயரும் ஒரு ஆள்தான்.

ஏர்னா மன்னிப்புக் கேட்டார். பின்னர் தென்கிழக்குப் பிராந்தியப் பொலிஸ் தலைவர் ஊலே சேவெருட் தண்டத்தை அறிவித்தார். இப்படியான பெரும்பாலான சம்பவங்களில் தண்டம் எழுதுவதில்லை; ஆனால் இவர் மக்களால் தெரிவான முதன்மைத் தலைவர், கட்டுப்பாடுகளை மக்கள் முன் அறிவித்தவரும் இவரே, ஆகவே விதிகளில் மக்களுக்குள்ள நம்பிக்கையைக் காக்க இது தேவை என்பது அவர் சொன்ன காரணம். பதவி பெரிதானால் தண்டனை கூடும் என்று ஒரு பொலிஸ் அதிகாரி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிரதமரின் கணவருக்கும் உணவகத்துக்கும் தண்டமில்லை. அது எனக்கு உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது. ஏர்னா தண்டத்தைக் கட்டினார்.

ஊரில் அந்த விருந்துக் காலம்வரை என்ன நடந்தது? கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்துக்கொண்டிருந்தார்கள். பிறந்து இருபது நாளான குழந்தையையும் எரித்தார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. யெய்லோவில் விருந்து நடந்த அதே பெப்ரவரிக் கடைசியில்தான் புதைக்க அனுமதி வர்த்தமானியில் வந்தது. இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்க 2024 ஆனது. அதற்குள் ஆட்சியே மாறியிருந்தது. வாய்க்கரிசி போடாத என் துக்கத்தை அந்தக் குழந்தையின் தாயுடைய துக்கத்துக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

தண்டத்துக்கு ஐந்து நாளின் பின், ஏப்ரல் 14ஆம் திகதி, கொரோனா ஆணைக்குழுவின் அறிக்கை வந்தது. பெருந்தொற்று வரக்கூடும் என்று தெரிந்திருந்தும் அரசாங்கம் ஆயத்தமாக இருக்கவில்லை என்று எழுதினார்கள். மார்ச் 12 முடிவைச் சுகாதார இயக்குநரகம் எடுத்தது தவறு, அதை அரசரோடு கூடும் அமைச்சரவையே எடுத்திருக்கவேண்டும் என்றும் எழுதினார்கள். மொத்தத்தில் நன்றாகக் கையாண்டார்கள் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. 2020 முடிவில் நாட்டில் இறந்தவர்கள் ஐந்நூறுக்கும் குறைவு. ஆனால் தொற்று எல்லோரையும் ஒரே அளவாகத் தொடவில்லை. பஸ் ஓட்டுகிறவர்களும் துப்புரவு செய்கிறவர்களும் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதே. எங்கள் பள்ளத்தாக்கு அதைச் சுமந்தது. ஸ்டோவ்னர் போன்ற பகுதிகளுக்குத் தடுப்பூசியைக் கூடுதலாக ஒதுக்க 2021 வசந்தம்வரை போனது.

செப்ரெம்பர் தேர்தலில் ஏர்னா தோற்றார். ஒக்டோபர் 14ஆம் திகதி யூனாஸ் கார் ஸ்தோரவின் அரசாங்கம் பதவியேற்றது. அதற்கு முந்திய நாள்தான் கொங்ஸ்பேர்க் நகரில் ஒருவன் ஐந்து பேரைக் கொன்றிருந்தான். செய்தியாளர் முன் பேசியவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. ஏப்ரலில் தண்டத்தை அறிவித்த அதே மனிதர், அதே பதவியில்.

சித்தப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அவற்றை பேர் என்னெண்டனி?"

சொன்னேன்.

"ஆறுதலாச் சொல்லு பிள்ளை" என்றார். கலண்டரைத் திருப்பும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார்.