இரவல் முகம்

‘ஷைன்’ (1996) படத்தின் திரைக்கதையாளராக நாம் அறிந்த ஜான் சார்டி இயக்கிய ஆஸ்திரேலியப் படம் ‘லவ்ஸ் பிரதர்’ (2004). களம், 1950களின் விக்டோரியா மாநிலக் கிராமப்புறம். படம்பிடிக்கப்பட்ட ஹெப்பர்ன் ஸ்பிரிங்ஸ் பகுதியில் 19ஆம் நூற்றாண்டுத் தங்க வேட்டைக் காலத்திலேயே சுவிஸ்-இத்தாலியர் குடியேறிவிட்டனர்.

இத்தாலியப் பெண்களுக்குக் கடிதம் எழுதி மறுப்பையே பெற்றுவரும் ஏஞ்சலோ, ரொசெட்டாவுக்குத் தன் அழகான தம்பி ஜீனோவின் புகைப்படத்தை அனுப்பிவிடுகிறான். அவளும் அதை நம்பிப் பதிலி மணம் புரிந்து கப்பலேறுகிறாள்.

பதிலி மணம் கதைக்காகப் புனையப்பட்டதன்று. மணமகன் கடலுக்கு அப்பாலிருக்க, அவனிடத்தில் வேறொருவர் நின்று தேவாலயத்தில் சடங்கை முடித்துவைப்பார். அந்நிய மண்ணில் கால்வைக்கும் போதே அப்பெண் ஒருவனின் மனைவி. அவன் வேறு ஆளெனில் அவள் எங்கே திரும்புவாள்? இக்கேள்வியைச் சார்டி புன்னகையோடு கடந்துவிடுகிறார். (இத்தாலியர் தமக்குள்ளும் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்வது வேறு உறுத்துகிறது.)

ஆயினும் ஏஞ்சலோவை வெறுக்க நம்மால் இயலவில்லை. கடிதத்தின் சொற்கள் அவனுடையவையே. முகம் மட்டும் இரவல். ஜியோவன்னி ரிபிஸி அந்த வெட்கத்தை அடக்கமாகவே நடித்திருக்கிறார்.

இதே தந்திரம் 1940இல் வந்த ‘தே நியூ வாட் தே வாண்டட்’ படத்திலும் உண்டு. சிட்னி ஹோவர்டின் நாடகத்திலிருந்து உருவான கதை. கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடும் இத்தாலியர் டோனி, தன் மேற்பார்வையாளனின் படத்தை ஏமிக்கு அனுப்புகிறார். அங்கே அப்பொய்க்கு விலை உண்டு: அந்த மேற்பார்வையாளனின் குழந்தையையே ஏமி சுமக்க நேர்கிறது. இரண்டில் எது நல்ல படம் என்பதில் நமக்கு ஐயமில்லை. மீண்டும் பார்க்க நாம் எடுப்பதென்னவோ சார்டியின் படத்தைத்தான்.