அடைக்கலங்குருவி இல்லாத இடம்

போன மாதம் யாழ்ப்பாண ரவுணில் ஒரு சுப்பர்மாக்கெற்றுக்குள்ளே இரண்டு அடைக்கலங்குருவிகளைக் கண்டேன். ஒண்டு ரியூப் லைற்றுக்கு மேலே. மற்றது அரிசிச் சாக்கடியில் சிந்திக் கிடந்ததைக் கொத்திக்கொண்டு. ஏசி ஓடுது, பில் போடுற இடத்தில் சனம் வரிசையில் நிக்குது, குருவிகளுக்கு ஒரு பதற்றமும் இல்லை. நான் ஃபோனை எடுத்துப் படம் பிடிக்க, வேலை செய்யிற அண்ணா சிரிச்சார். "அது இங்கயே தான் தங்கச்சி, கதவு திறக்கேக்க வெளியில போய் வரும்."

இது அதிசயம் எண்டு சொன்னால் குருவிக்கே சிரிப்பு வரும். நியூசிலாந்தின் ஹமில்ரன் பஸ் நிலையத்தில் இதே இனக் குருவிகள் தானியங்கிக் கதவின் சென்சருக்கு முன்னால் பறந்து கதவைத் திறக்கப் பழகியிருந்தன. இங்கிலாந்தில் யோர்க்ஷயரின் ஃபிரிக்லி நிலக்கரிச் சுரங்கத்தில், தரையிலிருந்து 640 மீற்றர் ஆழத்தில், 1970களில் சில குருவிகள் வருடக்கணக்காக இருந்திருக்கின்றன. சாப்பாடு போட்டது சுரங்கத் தொழிலாளர்கள். வெளிச்சம் இல்லாட்டியும் பரவாயில்லை, ஆக்கள் இருந்தால் போதும் போல.

இதை வாசிச்ச பிறகு எனக்கு அம்மம்மாவின் கதை வேற மாதிரி விளங்கத் தொடங்கிச்சு.

எங்கட ஊர் வலிகாமம் வடக்கு. 1990இல் எழும்பினவை. காணி விடுபட்டு முதல்தரம் பார்க்கப் போனபோது நான் சின்னப் பிள்ளை, எனக்கு ஞாபகம் கிணறும் பத்தையும் மட்டும்தான். அம்மம்மா இப்பவும் சொல்லுவா: "மரம் இருந்தது, மயில் நிண்டது, செண்பகம் கத்தினது. அடைக்கலங்குருவிதான் ஒண்டும் இல்லை." நான் அதை ஏதோ கவலையில் சொல்லுற கதை எண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அது சரியான அவதானிப்பு. சனம் விட்டுப்போன ஊரில் இந்தக் குருவி நிலைக்காது. நெல் காயப்போட, அரிசி புடைக்க, முற்றம் கூட்ட ஆள் வேணும். காடு பற்றின இடம் எங்களுக்குத்தான் "இயற்கை". அதுக்கு அது பாழ்.

சங்கப் பாட்டுகளிலும் இந்தக் குருவி வீட்டோடுதான் வரும். விரிவுரையில் அதைக் குறிப்பெடுத்தபோது எனக்கு ஊர்க் கிணற்றடி ஞாபகம் வரேல்லை, இப்ப வருது.

சுப்பர்மாக்கெற் குருவியைப் பார்த்துச் சந்தோசப்பட்டாலும் ஒரு விசயம் உறுத்துது. பெரிய குருவிக்கு அரிசி காணும். குஞ்சுக்குப் புழு பூச்சி வேணும். அந்தக் கடையைச் சுற்றி முழுக்கக் கொங்கிறீற், கார் நிப்பாட்டுற இடம். சாக்கடியில் பூச்சி கிடைக்காது.

இப்ப ஊரில் எங்கட வீடு எழும்புது. வீட்டுத்திட்டக் காசும் கடனும். மாமா முற்றம் முழுக்கக் கல் பதிக்கவேணும் எண்டு நிக்கிறார், சேறு வராதாம். அம்மம்மா விடமாட்டன் எண்டு நிக்கிறா. போன கிழமை மேசன் சுவர் பூசேக்க, தாழ்வாரத்துக்குக் கீழே இருந்த ஓட்டையைக் காட்டி, அதை மட்டும் அடைக்க வேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறா. பாம்பு பூரும் எண்டு மேசன் அண்ணை சொன்னாராம். இவ்வளவு உயரத்துக்கு ஏறுற பாம்பு கதவாலயும் வரும் எண்டு இவ சொன்னாவாம்.

ஓட்டை இன்னும் அப்படியே இருக்கு.