கூர்மையாக வந்த பிழை

வெடிமருந்துத் தரவில் கைபழகிய ஓர் ஆய்வு மாணவி, அதிர்வு வண்டி தந்த நிலநடுக்கத் தரவுக்கும் அதே டீகான்வல்யூஷனைச் செலுத்தினார். படம் கூர்மையாகவே வந்தது. கிணற்றுப் பதிவோடு மட்டும் பொருந்த மறுத்தது.

வெடி கணத்தில் தீர்ந்துவிடும். அதன் துடிப்பு ஆற்றலைத் தொடக்கத்திலேயே கொட்டிவிடும். 1954-இல் எண்டர்ஸ் ராபின்சன் எம்.ஐ.டி.யில் அளித்த ஆய்வேட்டின் வழிவந்த முறை இத்தகைய சிறுமக் கட்டத் துடிப்பையே நம்பியிருக்கிறது. அதிர்வு வண்டியோ பல நொடிகள், பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்ததற்கு ஏறியபடி, நிலத்தை உலுக்குகிறது. பதிவை அந்த உலுக்கலோடு ஒப்புத்தொடர்பு செய்தால் எஞ்சுவது கிளாடர் அலைத்துணுக்கு. அது சுழியக் கட்டம் உடையது, இருபுறமும் சமச்சீரானது. எதிரொலி வருவதற்கு முன்பே அதன் வால் தலைகாட்டும் என்பது ஒரு வேடிக்கை. நிலத்தின் தேய்வு மட்டும் சிறுமக் கட்ட வடிப்பானாகவே அதன்மேல் படிகிறது. இவ்விரண்டும் கலந்த துடிப்பு ராபின்சனின் அனுமானத்துக்கு அடங்குவதில்லை.

உலுக்கலின் தன்னொப்புத்தொடர்பிலிருந்து கிளாடர் துணுக்கைக் கணக்கிட்டு, அதைச் சிறுமக் கட்டமாக்கும் வடிப்பானை முதலில் செலுத்தவேண்டும், பிறகே டீகான்வல்யூஷன். உலுக்கலில் இல்லாத அதிர்வெண்களுக்காகச் சிறிது வெண்ணிரைச்சல் சேர்க்காவிட்டால் கணக்கு நிலைகுலையும்.

முந்தைய படத்தை நம்பி வரைந்திருந்த அடுக்கு எல்லைகள் அனைத்தையும் அவர் அழித்தார். ஆய்வேட்டின் அந்த இயல் மீண்டும் வெற்றுத்தாளானது.