தாளில் இல்லாத கேள்வி

"பகுத்தறிவு பேசும் நீங்கள், பெற்ற மகளைப் பள்ளியார் கோயிலுக்கு அழைத்துச் செல்ல இசையலாமோ?" என்று இலண்டனில் என்னைக் கேட்ட தோழர்கள் பலர். மறுத்திருக்கலாம். இங்கிலாந்தில் சமயக் கல்வியைக் கட்டாயமாக்கிய 1944-ஆம் ஆண்டுச் சட்டமே, பிள்ளையை அப்பாடத்தினின்று விலக்கிக்கொள்ளும் உரிமையையும் பெற்றோர்க்கு வழங்கியது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம், கிறித்துவத்துக்கு முதன்மை தந்தபோதிலும், ஏனைய பெருஞ்சமயங்களையும் பாடத்திட்டம் கருதவேண்டும் என்றது. எனவே மசூதிக்கும் குருத்துவாராவுக்கும் கோயிலுக்கும் வகுப்புகள் புறப்படுகின்றன.

நான் மறுக்கவில்லை. கும்பிடவா செல்கின்றனர்? காணச் செல்கின்றனர். காணாமலே கண்டிக்கும் பிள்ளையை வளர்ப்பதற்கா நாம் பகுத்தறிவு பேசினோம்?

சென்ற ஆண்டு, வகுப்புக்குத் துணையாக நானும் சென்றேன். முதலில் குருத்துவாரா. காலணி களைந்து, தலையை மூடி நுழைந்த பிள்ளைகள் அனைவரும் உணவுக்கூடத்தில் தரையில் வரிசையாக அமர்ந்தனர். மருத்துவர் ஒருவர் ரொட்டி பரிமாற, பேருந்து ஓட்டுநர் பிள்ளைகளுடன் உண்டார். காசு கேட்பாரில்லை, குலம் கேட்பாரில்லை. சீக்கியரிடையே சாதி செத்தொழிந்தது என்று கூறேன். மணப்பேச்சு வந்தால் அது தலைதூக்கும். ஆயினும், சமபந்தி என்று நாம் மேடைதோறும் முழங்கியதை அப்பிள்ளைகள் பருப்போடும் ரொட்டியோடும் உண்டறிந்தனர்.

மறுவாரம் தமிழர் எழுப்பிய கோயில். ஆசிரியை தந்த தாளில் 'விளக்கின் பெயரை எழுதுக, மணியை வரைக' என்று கட்டங்கள். எழுதினர், வரைந்தனர். என் மகளோ, "குருத்துவாராவில் ஒரு பெண்மணி நூலை ஓதினாரே, நானும் படித்துவந்தால் உள்ளே சென்று பூசை செய்யலாமா?" என்றாள்.

"அது மரபில்லை, அம்மா" என்றார் வழிகாட்டிய பெரியவர்.

மரபாம் மரபு! பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கத் தமிழகம் 1970-இல் சட்டம் இயற்றியது. வழக்குகள் வழிமறித்தன. 2021 ஆகஸ்டில், அரசுப் பயிற்சிப் பள்ளியில் கற்ற 24 பேர் அர்ச்சகராக அமர்த்தப்பட்டனர். 2023-இல் 3 பெண்கள் அப்பயிற்சியை முடித்தனர். இதனைத் திரும்பும் வழியில் மகளுக்குச் சொன்னேன். முன்னிருக்கையில் இருந்த ஆசிரியையும் கேட்டார்.

இவ்வாண்டுத் தாளில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது: "இங்கே உள்ளே செல்ல உரிமையுடையவர் யார்? இல்லாதவர் யார்? காரணம் கேட்டு எழுதுக." தேவாலயத்துக்கும் அதே தாள்தானாம். இங்கிலாந்துத் திருச்சபையிலும் 1994 வரை பெண் குருமார் இருந்ததில்லையே என்றார் ஆசிரியை.